ஹோவாருசிப் நதிக்கரையின் கூடாரங்கள்

நமீபியா தேசத்தின் வடமேற்குக் கோடியில், காவோகோ பிரதேசத்து மலைகளில் பிறந்து, நமீப் பாலைவனத்தைக் கிழித்துக்கொண்டு அட்லாண்டிக் சமுத்திரத்தை நோக்கிச் செல்லும் ஹோவாருசிப், கிழக்கே மழை பெய்த சில நாட்களில் மட்டும் செந்நீர் வெள்ளமாகப் பாய்ந்து, வருஷத்தின் பெரும்பகுதி வெறும் மணற்படுகையாகவே கிடக்கும் நதியாகும். எனினும் மணலுக்கடியில் ஈரம் வற்றுவதில்லை. அந்த ஈரத்தை நம்பியே கரையில் பிரம்மாண்டமான வேல மரங்கள் நிற்கின்றன. அவற்றின் நெற்றுகளைத் தேடி யானைகள் வருகின்றன. மணலில் அவை தோண்டும் ஊற்றுகளில் பிற விலங்குகளும் தாகம் தீர்த்துக்கொள்கின்றன. இந்த மரங்களின் நிழலில்தான், புரோஸ் என்னும் சிற்றூரை அடுத்து, அடுப்பங்கல்லும் தண்ணீர்க் குழாயும் விறகால் வெந்நீர் காயும் குளியலறையும் தவிர வேறு வசதி எதுவுமற்ற ஓர் எளிய முகாம் இருக்கிறது. இரவில் கூடாரத்தருகே யானை நடந்து செல்வதைக் காணும் பிரயாணி, அந்த யானை அங்கே இன்னமும் உயிரோடு உலவுவதற்கு யார் காரணம் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும்.

1907ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஆட்சியாளர்கள் இப்பிராந்தியத்தை வேட்டை விலங்குகளின் காப்பிடமாகப் பிரகடனம் செய்தார்கள். பின்னர் வந்த தென்னாப்பிரிக்க ஆட்சியில், இங்கே மந்தை மேய்த்து வாழ்ந்த ஹிம்பா, ஹெரேரோ மக்கள் வேட்டையாடினால் அது குற்றமாயிற்று. ஆனால் உயர்ந்த பதவி வகித்தவர்கள் இங்கே வந்து வேட்டையாடிப் போனதோ ராஜபோகமாகக் கருதப்பட்டது. தலைமுறை தலைமுறையாக விலங்குகளோடு கூடி வாழ்ந்த ஜனங்களுக்கு அவற்றின்மேல் எவ்வித உரிமையும் இல்லாமற் போனதே பின்னால் வந்த நாசத்துக்கு மூலகாரணம் என்பது என் திடமான அபிப்பிராயம். 1980ஐ ஒட்டி வந்த கடும் பஞ்சத்தில் மந்தைகளில் பெரும்பாலானவை மாண்டன. தந்தத்துக்காகவும் கொம்புக்காகவும் யானையும் கறுப்புக் காண்டாமிருகமும் சுடப்பட்டன. பட்டினியில் வாடியவர்களிற் சிலரும் துப்பாக்கி ஏந்தினார்கள்.

அந்த வேளையில் கார்த் ஓவன்-ஸ்மித் என்ற இயற்கைப் பாதுகாவலர், போலீசாரைப் பெருக்குவதை விட்டு, ஜோஷுவா காங்கோம்பே முதலிய ஊர்த்தலைவர்களிடம் சென்று யோசனை கேட்டார். தலைவர்கள் தம் குடிகளிலிருந்தே காவலர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் உணவுப்பொருளும் சொற்பக் கூலியுமே. ஆயினும், காணாமற்போன மாட்டைக் குளம்படி பார்த்துத் தேடிப் பழகிய கண்கள், கள்ள வேட்டைக்காரனின் காலடியையும் தப்பவிடவில்லை. அந்நியன் ஒருவன் வந்தால் மேய்ச்சற்காரர் முதலில் அறிவார்கள். அறிந்தவர்கள் இப்போது சொல்லவும் முன்வந்தார்கள். சில ஆண்டுகளுக்குள் வேட்டை அடங்கிற்று. யானைகள் பெருகத் தொடங்கின.

காத்தவர்களுக்குப் பலன் என்ன? இக்கேள்விக்கு விடையாக, ஹிம்பா மக்களிடையே இருந்து அவர்கள் வாழ்க்கையை ஆராய்ந்த மார்கரெட் ஜேக்கப்சனும் ஓவன்-ஸ்மித்தும் 1980களின் பிற்பகுதியில் புரோஸில் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள்: வரும் பிரயாணி ஒவ்வொருவரும் ஊருக்கு ஒரு சிறு கட்டணம் செலுத்த வேண்டும். அத்தொகை குடும்பங்களுக்குப் பங்கிடப்பட்டது. பெண்கள் முடைந்த கூடைகளும் விலைபோயின. 1990இல் தேசம் சுதந்திரம் பெற்றது. 1993இல் இவ்விருவருக்கும் கோல்ட்மன் சுற்றுச்சூழல் பரிசு கிட்டிற்று. 1996இல் இயற்றப்பட்ட சட்டத் திருத்தம், தம் நிலத்து விலங்குகளால் வரும் வருமானத்தைக் கிராம சமுதாயங்களே அனுபவிக்கும் உரிமையை வழங்கிற்று. 1998இல் அவ்வுரிமை பெற்ற முதற் காப்புச் சமுதாயங்கள் பதிவாயின. இன்று அவை 80க்கும் மேற்பட்டவை.

இதனால் கஷ்டங்கள் ஒழிந்துவிட்டன என்று சொல்வதற்கில்லை. சிங்கம் இன்றும் கழுதையையும் மாட்டையும் அடித்துக்கொண்டு போகிறது. யானை தோட்டத்தை மிதிக்கிறது. பிரயாணி கண்டு மகிழும் அதே மிருகம் இடையனுக்கு நஷ்டத்தை உண்டாக்குகிறது. ஆகையால், அந்நதிக்கரையில் ஓர் இரவேனும் தங்கும் வாய்ப்புப் பெறுகிற அன்பர்கள், கிராமத்தார் தாமே நடத்தும் முகாமைத் தேர்ந்தெடுத்து, உள்ளூர் வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு, கேட்ட கட்டணத்தைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட வேண்டுகிறேன்.