டிராயருக்குள் ஒரு மலைப்பாம்பு: பாம்புப் பெட்டியின் கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு மரச்சாமானைப் பத்தி. பார்க்க நம்ம வீட்டு டிராயர் மாதிரியே இருக்கும். இழுத்தா வெளியே வரும், தள்ளினா உள்ளே போகும். ஆனா உள்ளே துணிமணி இருக்காது, ஒரு மலைப்பாம்பு சுருண்டு படுத்திருக்கும்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பாம்பு வளர்ப்பவர்கள் இதை ‘ராக்’ என்கிறார்கள். கடையில் ரெடிமேடாகவும் கிடைக்கும். ஆனால் பலர் பலகை வாங்கி, அளவெடுத்து அறுத்து, தாங்களே வீட்டில் செய்துகொள்கிறார்கள். ஓர் உயிரை டிராயரில் வைக்கலாம் என்ற யோசனை எப்படி வந்தது? அதுக்கு முன்னாடி பாம்பை எதில் வைத்தார்கள்? அந்தக் கதைதான் இன்னைக்கு.

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். நம்ம ஊர் நாகம், சாரை, மலைப்பாம்பு எதையும் இந்தியாவில் வீட்டில் வளர்க்க முடியாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். அதனால இது செய்முறை வகுப்பு இல்லை, வரலாறு மட்டும்தான்.

பார்ப்பதற்கு ஒரு பெட்டி

1849-இல் லண்டன் விலங்குக்காட்சி சாலையில் ஊர்வனவற்றுக்கென்று தனிக் கட்டடம் திறந்தார்கள். உலகிலேயே முதல் கட்டடம் அதுதான். முன்பக்கம் கண்ணாடி வைத்த கூண்டுகள், உள்ளே பாம்புகள், வெளியே கூட்டம். ஜனங்கள் காசு கொடுத்துப் பார்க்க வருகிறார்கள், அதனால் பாம்பு கண்ணில் பட வேண்டும். அந்தக் காலத்துக் கூண்டின் முதல் வேலை அதுதான்.

மூன்றே வருஷத்தில், 1852-இல், எட்வர்ட் ஹொரேஷியோ கெர்லிங் என்ற பராமரிப்பாளர் அங்கே ஒரு நாகத்தை வெளியே எடுத்தார். வெளிநாடு கிளம்பும் நண்பரை வழியனுப்ப ராத்திரி முழுக்கக் குடித்திருந்தார். நாகம் மூக்கில் கடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், பிழைக்கவில்லை. பாம்புக்கடிக்கு மருந்து கண்டுபிடிக்க இன்னும் 40 வருஷத்துக்கு மேல் இருந்தது. பாம்புப் பெட்டி என்றால் யார் திறக்கிறார்கள், எந்த நிலையில் திறக்கிறார்கள் என்பதும் அதில் அடக்கம்தானே.

அடுத்த பெரிய மாற்றம் ஒரு பெண்ணிடமிருந்து வந்தது. பெயர் ஜோன் புராக்டர். சின்ன வயதிலிருந்தே உடம்பு சரியில்லை. கல்லூரிக்குப் போக முடியவில்லை. ஆனால் ஊர்வன பற்றி அவருக்குத் தெரிந்த அளவு தெரிந்தவர்கள் மிகக் குறைவு. 1923-இல் லண்டன் விலங்குக்காட்சி சாலையின் ஊர்வனப் பிரிவுக்குப் பொறுப்பாளர் ஆனார். 1927-இல் அவர் திட்டமிட்ட புதிய கட்டடம் திறந்தது.

அதில் என்ன புதுசு? பாம்புக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள வராது. வெயில் வேண்டுமென்றால் வெயிலுக்குப் போகும், போதும் என்றால் நிழலுக்கு நகரும். கூண்டு முழுக்க ஒரே சூடாக இருந்தால் நகர்ந்து என்ன பிரயோஜனம்? புராக்டர் மின்சாரத்தை வைத்து ஒரே கூண்டுக்குள் ஓர் இடம் சூடாகவும் இன்னோர் இடம் குளிர்ச்சியாகவும் இருக்கும்படி செய்தார். புற ஊதாக் கதிரை உள்ளே விடும் தனி வகைக் கண்ணாடியும் போட்டார். பார்வையாளர் நிற்கும் இடத்தை இருட்டாக்கி, கூண்டுக்குள் மட்டும் வெளிச்சம் வைத்தார். 1931-இல், 34 வயதில், அவர் இறந்துபோனார். ஆனால் ‘ஒரு முனை சூடு, ஒரு முனை குளிர்ச்சி’ என்ற அந்த ஏற்பாட்டை இன்னைக்கு உலகத்தில் எந்தப் பாம்புப் பெட்டியிலும் பார்க்கலாம். நம்ம டிராயரிலும்தான்.

விஷத்துக்கு ஒரு பெட்டி

இப்போ லண்டனிலிருந்து பிரேசிலுக்குப் போவோம். அங்கே பாம்பு தேவைப்பட்டது காட்சிக்காக இல்லை, மருந்துக்காக. சாவோ பாவ்லோ நகரத்தில் புட்டான்டான் நிறுவனம் 1901-இல் முறைப்படி தொடங்கியது. அதன் முதல் தலைவர் வைட்டல் பிரேசில் என்ற மருத்துவர். ஆமாம், நாட்டின் பெயர்தான் அவர் பெயரிலும். பாம்புக்கடி மருந்து தயாரிக்க விஷம் வேண்டும், விஷத்துக்கு உயிருள்ள பாம்பு வேண்டும். நிறைய வேண்டும். எங்கே போவது?

அவர் விவசாயிகளிடம் மரப்பெட்டிகளைக் கொடுத்தார். வயலில் பாம்பைப் பார்த்தால் கொல்லாதீர்கள், பிடித்து இந்தப் பெட்டியில் போட்டு ரயிலில் ஏற்றிவிடுங்கள் என்றார். பதிலுக்கு விவசாயிக்கு மருந்து கிடைக்கும். ஒரு சாதாரண மரப்பெட்டி இப்படி ஊருக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் நடுவே போய் வந்தது.

இதே மாதிரி ஒரு கதை நம்ம கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் இருக்கு. பாம்பு பிடிப்பதில் இருளர்களுக்கு இணையாக யாரையும் சொல்ல முடியாது. ஒரு காலத்தில் அவர்கள் பிடித்த பாம்புகள் தோலுக்காகப் போயின. 1970-களில் சட்டம் அந்த வியாபாரத்தை நிறுத்தியது. பிழைப்பும் சேர்ந்து நின்றது. 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்துக்குள் அவர்கள் பாம்புகளிடமிருந்து விஷம் எடுக்கிறார்கள். அது மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது.

அங்கே பாம்பை எதில் வைக்கிறார்கள்? மண்பானையில். வாயைத் துணியால் மூடிக் கட்டிவிடுவார்கள். உள்ளே இருட்டு, குளிர்ச்சி, சுற்றிலும் உடம்பை உரசும் சுவர். பாம்பு அமைதியாகச் சுருண்டுகொள்ளும். சில வாரங்களில் சில தடவை விஷம் எடுத்தபின், வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வைத்து, மறுபடியும் காட்டில் விட்டுவிடுவார்கள்.

இந்தப் பானையை ஞாபகம் வெச்சுக்கோங்க. கொஞ்ச நேரத்தில் திரும்ப வருவோம்.

பெருக்குவதற்கு ஒரு பெட்டி

இப்போ நம்ம டிராயர். இதன் கதாநாயகன் பால் பைத்தான். பயந்தால் பந்து மாதிரி சுருண்டு தலையை உள்ளே மறைத்துக்கொள்ளும், அதனால் இந்தப் பேர். புத்துக்கு ஊத்துற பாலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை! கானா, டோகோ, பெனின் போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகள்தான் இதன் ஊர். எலி வளையிலும் கரையான் புற்றிலும் பதுங்கும். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதை என்று நாம் சொல்வது அங்கேயும் அப்படியே பொருந்தும்.

1992-இல் அமெரிக்காவில் பாப் கிளார்க் என்பவர் வெள்ளையும் மஞ்சளுமான அல்பினோ பால் பைத்தானை வளர்ப்பிலேயே குஞ்சு பொரிக்க வைத்தார். நிறம் பரம்பரையாக வரும் என்று தெரிந்ததும் கதையே மாறியது. இந்த நிறத்தோடு அந்தக் கோடு, அந்தக் கோட்டோடு இந்தப் புள்ளி என்று ஜோடி சேர்க்க ஆரம்பித்தார்கள். ஒரு பாம்பை வைத்துப் பார்த்து ரசித்தவருக்கு இப்போது 50 பாம்பு தேவைப்பட்டது. ஐம்பது கண்ணாடிப் பெட்டிக்கு எந்த வீட்டில் இடம் இருக்கும்?

அங்கேதான் டிராயர் வந்தது. கடையில் துணிமணி போட்டு வைக்க விற்கும் பிளாஸ்டிக் டப்பை எடுத்துக்கோங்க. டப்பின் அளவுக்குப் பலகை அறுத்து அடுக்கு மாதிரி ஒரு சட்டம் செய்தால் போதும். டப்புக்கு மூடி கிடையாது. மேல்தட்டுதான் மூடி. நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி மட்டும். அது கொஞ்சம் கூடினால் குட்டிப் பாம்பு ராத்திரியோடு ராத்திரியாக வெளியே. குறைந்தால் டப் நகராது. காற்றுக்குப் பக்கவாட்டில் துளை. தட்டின் பின்பக்கம் பள்ளம் செதுக்கி, அதில் பட்டையான ஹீட் டேப். டப்பின் பின்முனை 31, 32 டிகிரி செல்சியஸ் இருக்கும், முன்முனை அறையின் குளிர்ச்சியில் இருக்கும். புராக்டரின் யோசனை ஒரு பிளாஸ்டிக் டப்புக்குள் வந்துவிட்டது, பார்த்தீங்களா? சூட்டைக் கட்டுப்படுத்தத் தெர்மோஸ்டாட் கட்டாயம். அது இல்லாவிட்டால் பாம்பின் தோல் வெந்துபோகும், பலகையும் கருகலாம்.

வேலையாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனமான வேலைதான். ஈரப்பதம் நிற்கும், சுத்தம் செய்வது சுலபம், ஒரு சுவரோரத்தில் முப்பது பாம்பு. ஆனால் ஒன்று கவனிங்க. இத்தனை வருஷப் பாம்புக் கூண்டுகளில் இருந்த கண்ணாடி இதில் இல்லை. உள்ளே இருப்பது நல்லாயிருக்கா என்று தெரிய, யாராவது இழுத்துப் பார்த்தால்தான் உண்டு.

போதுமா?

ராக் வைத்திருப்பவர்கள் சொல்லும் பதில் இது: காட்டிலும் இது இருட்டு வளைக்குள்தானே கிடக்கிறது? பெரிய கண்ணாடிப் பெட்டியில் விட்டால் பயந்து சாப்பிடாமல் கிடக்கும். டிராயரில் நன்றாகச் சாப்பிடுகிறது, முட்டை போடுகிறது. அப்புறம் என்ன குறை?

இதில் பாதி உண்மை. பதுங்க இடம் இல்லாவிட்டால் பால் பைத்தான் தவித்துத்தான் போகும். ஆனால் வளைக்கு ஒரு வாசல் இருக்கிறது. ராத்திரி அது வெளியே வரும், இரை தேடும், சில சமயம் மரமும் ஏறும். 2021-இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வு, ராக்கிலும் விசாலமான பெட்டியிலும் பால் பைத்தான்களை வைத்து ஒப்பிட்டது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் அந்த இயல்பற்ற நடத்தை ராக்கில்தான் தென்பட்டது. இன்னைக்கு ஐரோப்பாவில் பல விலங்கு நல அமைப்புகள் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம்: பாம்பு தன் முழு நீளத்துக்கு உடம்பை நீட்ட முடிய வேண்டும். பெரும்பாலான டிராயரில் அது முடியாது.

இப்போ அந்தப் பானைக்கு வருவோம். பானையும் இருட்டுதான், நெருக்கம்தான். டிராயரை விடச் சின்னது. அப்போ இருளர் பானையில் வைப்பது சரி, டிராயரில் வைப்பது தப்பா? என் பதில்: நாள் கணக்கைப் பாருங்க. பானை ஒரு பயணியின் அறை. சில வாரம் தங்கல், அப்புறம் காடு. அதுவும் அந்த விஷம் ஒரு மனுஷ உயிரைக் காப்பாற்றப் போகிறது. டிராயரோ ஆயுள் முழுக்க. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக்காட்சி சாலைக்கு 1961-இல் ஒரு பால் பைத்தான் வந்தது. 2020-இல், குறைந்தது 62 வயதில், அது ஏழு முட்டை போட்டது. வீட்டில் வளர்ப்பது அவ்வளவு நாள் இருக்காது என்று வைத்துக்கொண்டாலும், இருபது, முப்பது வருஷம் சர்வ சாதாரணம். பெட்டியை அளக்கும்போது நீளம், அகலம், உயரம் பார்க்கிறோம். நாலாவது அளவு காலம். வீட்டில் பெட்டி செய்பவர் அதை டேப் வைத்து அளக்க முடியாது.

அந்தக் காலக் கணக்கு தெரியாமல் வாங்கி, வளர்ந்தபின் சமாளிக்க முடியாமல் விட்டால் என்ன ஆகும்? அதுக்கும் நம்ம ஊர் சாட்சி இருக்கு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், செல்லப்பிராணி வியாபாரத்தில் வந்த பர்மிய மலைப்பாம்புகள் சதுப்பு நிலத்தில் பெருகி, அங்கிருந்த சிறு விலங்குகளைத் தின்று தீர்த்தன. 2017-இல் அவற்றைத் தேடிப் பிடிக்க அழைக்கப்பட்டவர்கள் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. எங்கோ ஒரு வரவேற்பறைப் பெட்டியில் முடியாமல் போன வேலைக்கு, செங்கல்பட்டுப் பக்கத்துக் காட்டில் கற்ற கண் தேவைப்பட்டது.

சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிக்குள் பால் பைத்தான்கள் பிடிபடும் செய்தியை நீங்களும் படிச்சிருப்பீங்க. ரீல்ஸ்ல கையில் சுற்றிக்கொண்டு காட்டும்போது அழகாத்தான் இருக்கு. இந்த மாதிரி வெளிநாட்டு இனம் வைத்திருப்பவர்கள் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-இல் மத்திய அரசு விதியும் கொண்டுவந்துவிட்டது. ஆனால் சட்டத்துக்கு முன்னாடி, வாங்கத் துடிக்கும் நண்பர் யாராவது இருந்தா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: உனக்கு ஐம்பது வயசு ஆகும்போது இந்தப் பாம்பு எங்கே இருக்கும்?

பதில் என்ன வந்ததுன்னு எங்களுக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.