குழவியும் குழவிக்கல்லும்

பிரசவ வலி கண்டதும் தாய்க்கு ஒரே ஒரு மாத்திரை. பிறந்த மூன்று நாளுக்குள் குழந்தையின் வாயில் கொஞ்சம் சொட்டு மருந்து. உகாண்டாவின் கம்பாலா நகரத்தில், முலாகோ மருத்துவமனையில் நடந்த ஆய்வு 1999இல் உலகுக்குச் சொன்ன வழி இவ்வளவு எளிமையானது. மருந்தின் பெயர் நெவிரபின். எச்.ஐ.வி. தொற்றுள்ள தாய்மார்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். பிரசவ நேரத்தில் ஏ.இசட்.டி. மருந்து பெற்றவர்களின் குழந்தைகளில், நான்கு மாதத்தை நெருங்கும்போது, நூற்றுக்கு 25 பேருக்குத் தொற்று இருந்தது. நெவிரபின் பெற்ற பிரிவில் அது 13 ஆகக் குறைந்தது. ஆகும் செலவு ஏறக்குறைய 4 டாலர்.

கிழக்கு ஆப்பிரிக்காவிலும் தெற்கு ஆப்பிரிக்காவிலும் அந்த ஆண்டுகளில் எத்தனை குழந்தைகள் இந்நோயால் மடிந்தன என்பதை நினைத்தால், இதை அற்புதம் என்றே சொல்லத் தோன்றும். தென்னாப்பிரிக்காவின் அரசு மருத்துவமனைகளுக்கு வந்த கர்ப்பிணிகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு அப்போது எச்.ஐ.வி. இருந்தது. அந்த மாத்திரை ஏராளமான குழந்தைகளைக் காப்பாற்றியது. அதை மறுத்துவிட்டு இந்த வரலாற்றை எழுத முடியாது.

ஆனால் மாத்திரையை விழுங்கியவள்? அவள் மறுநாளோ அதற்கடுத்த நாளோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவளுடைய நோய்க்குச் சிகிச்சை இல்லை. பணக்கார நாடுகளில் உயிர்காத்த கூட்டு மருந்துகளின் விலை அப்போது ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். குழந்தை பிழைத்தது, அதை வளர்க்க வேண்டியவள் சாவை எதிர்பார்த்திருந்தாள்.

இந்த ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுத் தலைப்பு உண்டு: ‘தாயிலிருந்து சேய்க்குத் தொற்று பரவுவதைத் தடுத்தல்.’ இலக்கணம் படித்தவர்கள் இந்தத் தொடரைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். ‘தாயிலிருந்து’ என்பது ஐந்தாம் வேற்றுமை, நீங்கல் பொருள். மலையிலிருந்து அருவி விழுவதுபோல, தாயிலிருந்து நோய் புறப்படுகிறது. இத்தொடரில் அவள் நோயாளி அல்லள். நோய் கிளம்பும் இடம். அவளுக்கு அந்த நோய் எங்கிருந்து வந்தது, யாரிடமிருந்து வந்தது என்பதற்கும் இதில் இடமில்லை. பெரும்பாலும் கணவனிடமிருந்து வந்த நோய்க்கு அவளே பிறப்பிடமாகிவிட்டாள்.

‘தாய் சேய் நலம்’ என்ற பலகை இல்லாத அரசு மருத்துவமனை நம் ஊரிலும் கிடையாது. இந்தக் கூட்டுச்சொல்லில் தாய் எங்கே போனாள் என்று 1985இலேயே ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஆலன் ரோசன்ஃபீல்டும் டெபோரா மெய்னும் கேட்டார்கள். பிள்ளைப்பேற்றில் பெண்கள் சாவதைத் தாய் சேய் நலத் திட்டங்கள் கண்டுகொள்ளவில்லை என்பது அவர்கள் வாதம். கேள்வி எழுந்த பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த முலாகோ மாத்திரைக்கும் அது பொருந்திற்று.

முலாகோவுக்கு முன்னால் நடந்ததையும் பார்க்க வேண்டும். 1994இல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்த ஆய்வு, ஏ.இசட்.டி. மருந்தைக் கர்ப்ப காலத்திலும் பிரசவத்தின்போதும் கொடுத்து, பிறகு குழந்தைக்கும் ஆறு வாரம் கொடுத்தால், தொற்று 25.5 விழுக்காட்டிலிருந்து 8.3 ஆகக் குறையும் என்று காட்டியது. ஏழை நாடுகளால் அந்தச் செலவைத் தாங்க முடியாது என்பதால் குறைந்த அளவு மருந்து போதுமா என்று பார்க்கும் ஆய்வுகள் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் தொடங்கின. அவற்றில் பலவற்றில் ஒரு பிரிவுப் பெண்களுக்கு பிளாசிபோ, அதாவது மருந்தில்லாத வெற்று மாத்திரை, தரப்பட்டது. அமெரிக்காவில் செய்யத் துணியாததை ஆப்பிரிக்கப் பெண்ணுக்குச் செய்யலாமா என்று பீட்டர் லூரியும் சிட்னி வுல்ஃபும் 1997இல் கேட்டார்கள். இவை உகாண்டா மக்களுக்காக உகாண்டா ஆய்வாளர்களே செய்யும் ஆய்வுகள், இதில் எங்களுக்கு வெளியிலிருந்து பாடம் வேண்டாம் என்று அங்கிருந்து பதில் வந்தது. இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது. 1998 பிப்ரவரியில் குறுகிய கால ஏ.இசட்.டி. தொற்றைப் பாதியாகக் குறைக்கிறது என்று தாய்லாந்து ஆய்வு காட்டியதும் முலாகோவிலும் பிளாசிபோ பிரிவு கைவிடப்பட்டது. விவாதம் முழுவதும் மருத்துவ இதழ்களில், மருத்துவர்களுக்கு இடையே நடந்தது. மாத்திரை உறையை வாங்கிய பெண்களின் சொல் அந்தப் பக்கங்களை எட்டவில்லை.

அவர்கள் பேசியது தென்னாப்பிரிக்காவில், தெருவிலும் நீதிமன்றத்திலும். நெவிரபினைத் தயாரித்த நிறுவனம் அதை ஐந்தாண்டுகள் இலவசமாகத் தர முன்வந்த பிறகும், மாகாணத்துக்கு இரண்டே மையங்களில் சோதனை முறையில் மட்டும் தருவோம் என்றது அந்நாட்டு அரசு. சிகிச்சைக்கான செயல் இயக்கம் என்ற அமைப்பு வழக்குத் தொடுத்தது. அதன் உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஏழைக் கறுப்பினப் பெண்கள். ‘எச்.ஐ.வி. பாசிட்டிவ்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட பனியனை அணிந்துகொண்டு ஊர்வலம் போனவர்கள். 2002 ஜூலை 5 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்கில் வாக்குமூலம் கொடுத்த தாய்களில் ஒருவர் அந்தத் தீர்ப்பைக் கேட்க உயிரோடு இல்லை.

அடுத்து வந்த ஆய்வுகள் இன்னொரு கசப்பான உண்மையைக் காட்டின. ஒற்றை மாத்திரை பெண்ணின் உடலில் கிருமியை முழுதாக அடக்காது. பல பெண்களின் உடலில் அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகளை விட்டுச்சென்றது. மாத்திரை உண்ட ஆறு மாதங்களுக்குள் நெவிரபின் கலந்த கூட்டுச் சிகிச்சை தொடங்கிய தாய்மார்களுக்கு அது சரியாகப் பலன் தரவில்லை என்று போட்ஸ்வானாவில் நடந்த ஆய்வு 2007இல் சொன்னது. மும்பையின் சிப்லா நிறுவனம் 2001இல் ஆண்டுக்கு 350 டாலர் என்று அறிவித்த பிறகு விலைகள் சரிந்து, சிகிச்சை மெல்ல மெல்ல ஆப்பிரிக்கக் கிராமங்களை எட்டிக்கொண்டிருந்த நேரம் அது. பிள்ளைக்காக விழுங்கிய மாத்திரை, தனக்கான மருந்து வந்துசேர்ந்தபோது குறுக்கே நின்றது.

தாய்ப்பாலிலும் இதே கதை. பால் வழியாகக் கிருமி பரவும் என்பதால் புட்டிப்பால் கொடுங்கள் என்றார்கள். நல்ல தண்ணீர் இல்லாத இடங்களில் புட்டிப்பால் வயிற்றுப்போக்கைக் கொண்டுவந்தது. கையில் பால்மாவு டப்பாவோடு நடந்தாலே இவளுக்கு அந்த நோய் என்று அக்கம்பக்கம் அறிந்துகொண்டது. குவாசூலு-நட்டாலில் ஹூசேன் கூவாடியா குழுவினர் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வு, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகளுக்கு ஆபத்து குறைவு என்றது. கூடவே திட உணவும் ஊட்டப்பட்ட குழந்தைகளுக்குத் தொற்று வாய்ப்பு ஏறக்குறைய பதினொரு மடங்கு. அறிவுரை மாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் குற்றவாளியாக நின்றவள் தாய்.

திருப்பம் மலாவியில் வந்தது. உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. ஒரு பெண்ணின் நோய் எதிர்ப்பு அணுக்களை எண்ணிப் பார்த்து, குறைவாக இருந்தால் மட்டும் அவளுக்குத் தொடர் சிகிச்சை கொடு என்பது அப்போதைய உலக நடைமுறை. எண்ணுவதற்கான கருவிகள் மலாவியின் பெரும்பாலான மருத்துவ மையங்களில் இல்லை. ஆகவே 2011இல் அந்நாடு தானே ஒரு முடிவெடுத்தது: தொற்றுள்ள ஒவ்வொரு கர்ப்பிணிக்கும், பாலூட்டும் தாய்க்கும் எண்ணிக்கை பார்க்காமல் வாழ்நாள் முழுவதும் சிகிச்சை. முன்பு மூன்று மாத காலத்தில் 1,257 பேர் சிகிச்சை தொடங்கிய இடத்தில், ஓராண்டுக்குப் பிறகு அதே கால அளவில் 10,663 பேர் தொடங்கினார்கள். தாய் நலமாக இருந்தால் குழந்தைக்குத் தொற்றுவதும் வெகுவாகக் குறைகிறது. பிறகு உலக சுகாதார நிறுவனமும் மலாவியின் வழிக்கு வந்தது. ஐந்தாம் வேற்றுமையில் நின்ற பெண் முதன்முறையாகத் தன் பொருட்டும் மருந்து பெற்றாள்.

இத்தோடு கதை சுபமாக முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. பெண்ணை வழியாக மட்டும் பார்ப்பது ஒருவகை என்றால், கர்ப்பிணி என்பதாலேயே அவளை வாசலில் நிறுத்துவது இன்னொரு வகை. எபோலா தடுப்பூசி 2015இல் கினி நாட்டில் பரிசோதிக்கப்பட்டபோது கர்ப்பிணிகள் சேர்க்கப்படவில்லை. 2018 ஆகஸ்டில் காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கே எபோலா வெடித்தபோது, கர்ப்பிணிகளுக்கு இது பாதுகாப்பானது என்பதற்குத் தரவு இல்லை என்று தடுப்பூசி மறுக்கப்பட்டது. தரவு ஏன் இல்லை? அவர்களைச் சேர்க்காததால். எபோலா கண்ட கர்ப்பிணியின் கரு அநேகமாகப் பிழைப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நோயாளிக்குப் பணிவிடை செய்வதும் பெண்கள்தான். அந்தத் தொற்றில் நோயுற்றவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2019 பிப்ரவரியில்தான் மனம் மாறி, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஊசி போடலாம் என்றது. இது தொலைதூரத்துக் கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2021இல் கொரோனா தடுப்பூசிக்கு நம் நாட்டுக் கர்ப்பிணிகள் ஜூலை மாதம்வரை காத்திருந்தார்கள். இரண்டாம் அலை அதற்குள் வந்து போய்விட்டது.

கர்ப்பிணிகளைச் சேர்த்து ஆய்வு செய்யவே முடியாதா? ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய சொவெட்டோவில் 2011இலும் 2012இலும் செய்து காட்டினார்கள். எச்.ஐ.வி. இல்லாத 2,116 கர்ப்பிணிகள் பங்கேற்ற அந்த ஃப்ளூ தடுப்பூசி ஆய்வில், ஊசி தாயையும் காத்தது; அவள் உடலில் உருவான எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே சென்று குழந்தையையும் காத்தது. இருவருக்கும் பலன் ஏறக்குறைய ஐம்பது விழுக்காடு. எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளுக்கும் அங்கே தனியாக ஆய்வு நடந்தது.

2018 மே மாதம் இன்னொரு கதவு சாத்தப்பட்டது. டோலுடெக்ராவிர் என்ற நல்ல எச்.ஐ.வி. மருந்தைக் கருத்தரிக்கும்போதே உட்கொண்டுவந்த 426 பெண்களில் நால்வரின் குழந்தைகளுக்கு நரம்புக்குழாய்க் குறைபாடு இருந்ததாக போட்ஸ்வானாவிலிருந்து முதற்கட்டத் தகவல் வந்தது. உடனே பல நாடுகள், கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களுக்கு அம்மருந்தைத் தடுத்தன. பிள்ளை வேண்டாம் என்பவள், பெற்று முடித்தவள், கருத்தடை செய்துகொண்டவள் என்ற வேறுபாடெல்லாம் பார்க்கவில்லை. கருப்பை இருப்பதே தகுதியின்மை ஆயிற்று. அந்த ஜூலையில் எச்.ஐ.வி.யோடு வாழும் ஆப்பிரிக்கப் பெண்கள் ருவாண்டாவின் கிகாலியில் கூடினார்கள். ஆபத்தைப் பற்றி முழுதாகச் சொல்லுங்கள், கருத்தடை வசதி கொடுங்கள், முடிவை எங்களிடம் விடுங்கள் என்றார்கள். ஓராண்டில் கூடுதல் தரவுகள் வந்தன: 1,683 பிரசவங்களில் ஐந்து. அச்சம் குறைந்தது. 2019 ஜூலையில் எல்லாருக்கும் அந்த மருந்து பரிந்துரைக்கப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் அந்தச் சிறு வேறுபாடும் ஏறக்குறைய மறைந்துபோனது.

தெற்கு ஆப்பிரிக்காவின் ஐந்து நாடுகளில், 2,637 இளம்பெண்களிடம் ஓர் எச்.ஐ.வி. தடுப்பூசி 2017 முதல் பரிசோதிக்கப்பட்டது. ஆய்வின் பெயர் ‘இம்போகோடோ’. ஜூலு மொழியில் பாறை என்று பொருள். அடையாள அட்டைச் சட்டத்தை எதிர்த்து 1956 ஆகஸ்டு 9 அன்று பிரிட்டோரியாவில் ஏறக்குறைய 20,000 பெண்கள் நடத்திய ஊர்வலத்தோடு சேர்ந்த சொல் அது. தானியம் அரைக்கும்போது கையில் பிடிக்கும் கல்லையும் அது குறிக்கும். நம் மொழியில் அந்தக் கல்லுக்குக் குழவி என்று பெயர். கைக்குழந்தைக்கும் அதே பெயர். குழவி என்றதும் குழந்தையை மட்டும் நினைக்கப் பழகிய மருத்துவ உலகம், அரைக்கிற கல்லையும் ஒருகணம் நினைத்துப் பெயர் வைத்திருக்கிறது.

அந்தத் தடுப்பூசி தோற்றது. 2021 ஆகஸ்டில் கிடைத்த முடிவில் பாதுகாப்பு 25 விழுக்காடுதான். ஊசிக்குக் கை நீட்டிய பெண்கள் தோற்றவர்கள் அல்லர். இந்த வழி போதாது என்பதை அறிவியல் அவர்களிடமிருந்துதான் கற்றது.

2024இல் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் உகாண்டாவிலிருந்தும் வேறொரு முடிவு வந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் என்ற ஊசி. தடுப்பூசி அல்ல, தடுப்பு மருந்து. அதைப் பெற்ற 2,134 இளம்பெண்களில் ஒருவருக்கும் எச்.ஐ.வி. தொற்றவில்லை. இந்த ஆய்வின் நடுவில் கருவுற்றவர்கள் வெளியே அனுப்பப்படவில்லை. தெரிந்தது, தெரியாதது இரண்டையும் அவர்களிடம் சொன்னார்கள். தொடர்வதா, விலகுவதா என்று கேட்டார்கள். முலாகோவின் அந்த ஒற்றை மாத்திரைக்கும் இந்தக் கேள்விக்கும் நடுவே இருபத்தைந்து ஆண்டுகள். உகாண்டாவில் அன்று மாத்திரையை விழுங்கிய தாயின் குழந்தை பிழைத்திருந்தால், இப்போது கையெழுத்திடும் பெண்களின் வயதுதான் இருக்கும்.