வூட் கண்ட கருங்கோடு

அரசர்களின் போர்களையும் முடிசூட்டு விழாக்களையும் கற்பித்தே காலங்கழித்த கலைப் பட்டதாரி நான். இன்று ஒரு கருங்கோட்டின் வரலாற்றைக் கூற வந்துள்ளேன்.

1902ஆம் ஆண்டு. அமெரிக்காவிலே, பால்ற்றிமோர் நகரத்து ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், றொபேட் வூட் என்னும் பௌதிக அறிஞர், நுண்ணிய கோடுகள் நெருக்கமாகக் கீறப்பெற்ற உலோகத் தகடொன்றின்மீது விளக்கொளியைப் படவிட்டு, அது நிறமாலையாக விரிவதை நோக்கினார். நிறங்கள் ஒன்றிலொன்று மெல்லக் கலந்து செல்லவேண்டிய இடத்தில், ஒடுங்கியதோர் இருட்கோடு கிடந்தது. ஒளி விழும் கோணத்தைச் சிறிது மாற்றினார். கோடும் இடம் பெயர்ந்தது. காரணம் அவருக்குப் புலப்படவில்லை. அதனை மறையாது, கண்டதைக் கண்டவாறே எழுதி வெளியிட்டார்.

இவர் எளிதில் ஏமாறுபவரல்லர். பிரான்சின் நான்சி நகரில் புளொண்ட்லோ என்பவர் ‘என் கதிர்’ என்றொரு புதிய கதிரைக் கண்டதாக அறிவித்திருந்தார். 1904இல் அங்கு சென்ற வூட், இருட்டறையில் கருவியிலிருந்த அலுமினிய அரியத்தை ஓசையின்றி எடுத்துவிட்டார். அதன் பின்னரும் கதிர் தெரிகின்றதென்றே அங்குள்ளோர் கூறினர்! இல்லாததை இல்லையென்று காட்டிய அக்கண்களே, விளங்காத கோட்டை உண்டென்றும் எழுதிவைத்தன. எங்கள் பள்ளி ஆய்வுகூடங்களிலோ, எதிர்பாராத விளைவைக் கண்ட மாணவன் அதனை அழித்துவிட்டு நூலிலுள்ள விடையையே எழுதுகின்றான். அவனுக்கு அப்பழக்கத்தை ஊட்டியவர்கள் நாமே.

கோட்டின் விளக்கம் மெல்லவே வந்தது. 1907இல் றேலி பிரபுவும், 1941இல் பானோவும் முயன்றனர். உலோகத்தின் மேற்பரப்பிலுள்ள இலத்திரன்கள் கூட்டாக அலைபோல் அசையும் என்பதை 1957இல் றிச்சி எடுத்துரைத்தார். தக்க கோணத்தில் வரும் ஒளியின் ஆற்றலை அவ்வலை விழுங்கிவிடும். தெறித்துவரும் ஒளி இருண்டுபோகும். 1968இல் ஜெர்மனியில் ஒற்றோவும், தனியே கிரெச்மன், றேதர் இருவரும், கண்ணாடி அரியத்தைக் கொண்டு இதனை எளிதிற் காணும் வழிகளை வகுத்தனர். கிரெச்மன் முறையில் அரியத்தின்மேற் படிந்த உலோகப் படலம் ஏறத்தாழ 50 நனோமீற்றர் தடிப்புடையது.

இங்கேதான் கதை மருத்துவத்தின் பக்கந் திரும்புகின்றது. ஒளி இருளும் கோணம், படலத்தின் மறுபுறத்தை ஒட்டியுள்ள பொருளைப் பொறுத்தது. அங்கே ஏதேனும் ஒட்டினாற் கோணம் நகரும். 1983இல் சுவீடன் தேசத்து லீட்பெரி, நியூலாண்டர், லுண்ட்ஸ்றோம் மூவரும் வெள்ளிப் படலத்தில் ஒரு புரதத்தைப் படியவிட்டு, அதனைப் பற்றும் பிறபொருளெதிரியைச் செலுத்தினர். கோணம் நகர்ந்தது. வூட்டின் கட்டுரைக்கு அப்போது வயது 81.

அதற்கு முன்னர் இத்தகைய மூலக்கூறுகளைக் காணக் கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளையோ சாயத்தையோ அவற்றுடன் பிணைப்பது வழக்கம். புதிய முறைக்கு அவ்வடையாளம் வேண்டியதில்லை. அன்றியும், ஒன்று எவ்வளவு விரைவாகப் பற்றுகின்றது, எவ்வளவு மெதுவாக விட்டகலுகின்றது என்பதையும் கணந்தோறும் பார்க்கலாம். மருந்து தேடுவோர்க்கு இச்செய்தி பெருமதிப்புடையது. 1990இல் உப்சாலா நகரிலிருந்து ‘பயாகோர்’ என்னும் கருவி விற்பனைக்கு வந்தது. அதில் வெள்ளிக்குப் பதிலாகப் பொன் படலம் அமைந்தது. பொன் எளிதில் மாசுறாது.

ஆயினும் கருவிக்குத் தெரிவது கோணம் நகர்ந்தது என்பதொன்றே. தேடிய புரதம் ஒட்டினாலும் வேண்டாத புரதம் ஒட்டினாலும் அது நகரும். வெப்பநிலை சற்று மாறினாலும் நகரும். ஆகையினால், பற்றும் பொருள் பூசப்படாத வேறோர் இடத்தையும் அருகிலே வைத்து, இரண்டையும் ஒப்புநோக்கிய பின்னரே ஆய்வாளர் முடிவு கூறுகின்றனர்.