கனிஷ்காவும் அரசின் கடமையும்

ஆகாய மார்க்கமாகச் செல்லும் பிரயாணியின் உயிருக்குப் பொறுப்பாளி யார்? சீட்டு விற்ற கம்பெனியா, விமானம் புறப்பட்ட மண்ணை ஆளும் அரசாங்கமா? சட்டம் இதற்கு விடை கூறியே இருக்கிறது. இன்றைய சர்வதேச விமானப் போக்குவரத்தின் அத்திவாரம் 1944 டிசம்பரில் 52 நாடுகள் சிக்காகோ நகரில் கைச்சாத்திட்ட ஒப்பந்தமாகும். விமானக் கடத்தல்கள் மலிந்த பின்னர், 1974இல், அதற்குப் பதினேழாவது அனுபந்தம் சேர்க்கப்பட்டது. பிரயாணிகளினதும் ஊழியரினதும் பாதுகாப்பையே ஒவ்வொரு அரசும் தலையாய நோக்கமாகக் கொள்ள வேண்டும். அதற்கென ஓர் அதிகார பீடத்தை நியமிக்க வேண்டும். தேசியத் திட்டமொன்றை வகுத்து நடத்த வேண்டும். இதுவே அதன் சாரம்.

இவ்விதிகளை இயற்றிய சர்வதேச ஸ்தாபனத்தின் தலைமையகம் கனடாவிலுள்ள மொன்றியால் நகரில் இருக்கிறது. 1985 ஜூனில் எயர் இந்தியாவின் ‘கனிஷ்கா’ தன் இறுதிப் பயணத்தைத் தொடங்கியதும் அந்நகரின் விமான நிலையத்திலிருந்துதான்!

அன்றைய கனடியச் சட்டப்படி பிரயாணிகளையும் பொதிகளையும் சோதிப்பது விமானக் கம்பெனிகளின் வேலை. கம்பெனியோ அதைத் தனியார் காவற் கம்பெனியிடம் கொடுத்தது. அங்கே குறைந்த கூலிக்கு, போதிய பயிற்சியின்றி நிறுத்தப்பட்டவர்களின் கைகளில் நூற்றுக்கணக்கானோரின் உயிர் ஒப்படைக்கப்பட்டது. அந்த ஊழியர்களை நாம் குறை கூறப்போவதில்லை. பயிற்சி கொடாதவர்களிடமே கணக்குக் கேட்க வேண்டும்.

ஜூன் 22ந் திகதி வன்கூவரில் ஒருவன் தன் பெட்டியை டெல்லி வரை பதியுமாறு வற்புறுத்தினான். அவனுக்கு டெல்லி செல்லும் விமானத்தில் ஆசனம் உறுதியாகவில்லை. பின்னால் வரிசை நீண்டிருந்தது, பெட்டி ஏற்கப்பட்டது. பெட்டி போயிற்று, அவன் போகவில்லை. றொறன்ரோவில் பொதிகளைச் சோதித்த எக்ஸ்ரே இயந்திரம் நடுவழியில் பழுதாயிற்று. எஞ்சியவற்றுக்குக் கைக்கருவியே கதியாயிற்று. வெடிமருந்தை மோப்பம் பிடிக்கும் பொலிஸ் நாய் அன்று பயிற்சிக்காக வன்கூவர் சென்றிருந்தது. குண்டு வரலாம் என எயர் இந்தியா அம்மாத ஆரம்பத்தில் அனுப்பிய எச்சரிக்கை பொலிசாருக்குக் கிட்டியும் உளவுச் சேவைக்குப் போய்ச் சேரவில்லை. மொன்றியாலில் சந்தேகத்துக்குரிய மூன்று பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு விமானம் புறப்பட அனுமதிக்கப்பட்டது.

மறுநாள் அயர்லாந்துக் கரைக்கப்பால் அது வெடித்துச் சிதறியது. 329 பேரும் மாண்டனர். அதற்குச் சற்று முன்னர் யப்பானின் நரீற்றா விமான நிலையத்தில் இன்னொரு பெட்டி வெடித்து, பொதி சுமந்த இரு தொழிலாளரைக் கொன்றது. அவர்களை நினைப்பவர் வெகு சிலரே.

மாண்டவர்களிற் பெரும்பாலோர் இந்திய வம்சாவளியினரான கனடியப் பிரசைகள். ஆயினும் கனடியப் பிரதமர் மல்றோனி அனுதாபம் தெரிவித்தது இந்தியப் பிரதமருக்கு! தன் பிரசையைத் தன்னவனென்று எண்ணாத அரசு, அவனுடைய பெட்டியை யார் சோதிப்பதென்று எங்ஙனம் கவலை கொள்ளும்? எமது நாடும் இத்துயரை அறியும்: 1986 மே 3ந் திகதி, மாலைதீவுக்குப் புறப்படவிருந்த எயர் லங்கா விமானம் கட்டுநாயக்காவில் வெடித்து 21 பேர் இறந்தனர்.

ஆளில்லாத பெட்டி ஏறக்கூடாதென்ற விதி கனிஷ்காவின் பின் இறுக்கப்பட்டது. எனினும் 1988இல் ஸ்கொட்லாந்தின் லொக்கர்பி நகரின் மேல் 270 உயிர்களைக் குடித்ததும் ஆளில்லாத பெட்டியே என நீதிமன்றம் பின்னர் முடிவு செய்தது. கனடாவில் சோதனைப் பொறுப்பை ஏற்க அரச அதிகார சபையொன்று தோன்றியது 2002இல். அதுவும் நியூயோர்க் கோபுரங்கள் விழுந்த பிறகே. அச்சபையும் சோதனை வேலையைத் தனியார் கம்பெனிகளுக்கே ஒப்பந்தத்தில் விட்டது.

முன்னாள் நீதியரசர் ஜோன் மேஜர் தலைமையிலான விசாரணை ஆணைக்குழு 2006இலேயே அமைந்தது. அரசாங்க இலாகாக்களின் தவறுகளை அடுக்கிய அதன் அறிக்கை வெளியான 2010இலேதான் பிரதமர் ஹார்ப்பர் மன்னிப்புக் கோரினார். கொலைக்காகத் தண்டிக்கப்பட்டவன் ஒருவனே. மாண்டவர்களுக்கு அயர்லாந்து மக்கள் 1986லேயே தம் கடற்கரையில் நினைவிடம் அமைத்தனர். றொறன்ரோவில் அது 2007இல் எழுந்தது.