விரலும் விசையும்

எழுதுங் கருவி எத்தகையதோ அத்தகையதாகவே எழுத்தும் அமைந்துவிடும் என்பதற்கு எமது ஏட்டுச் சுவடிகளே முதற்சான்று. பனையோலையில் எழுத்தாணி கொண்டு கீறிய முன்னோர் மெய்யெழுத்துக்குரிய புள்ளியைப் பெரும்பாலும் இடாமலே எழுதிச் சென்றனர். புள்ளி குத்தினால் ஓலை பொத்துப் போகும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். படிப்போரே இடம் நோக்கிப் புள்ளியை ஊகித்துக் கொண்டனர். கருவியானது மொழியை எவ்வாறு தன் வழிக்கு இழுத்துவிடும் என்பதை இச்சிறு செய்தி நன்கு காட்டும். எழுத்தாணி போய்ப் பேனா வந்தது. பேனாவுக்குத் துணையாகத் தட்டெழுத்துப் பொறி வந்தது. அதுவும் ஒதுங்க, இன்று கணினி வந்துள்ளது. கருவிகள் மாறினும் கேள்வி மாறவில்லை. கருவிக்குக் கையும் மொழியும் இணங்குவதா, கைக்கும் மொழிக்கும் கருவி இணங்குவதா?

எமது இளைஞர் பலர் இந்நாளில் காலை முதல் மாலை வரை விசைப்பலகையின் முன் அமர்ந்திருக்கின்றனர். கந்தோர் வேலையும் அதிலே, கல்வியும் அதிலே, நண்பருடன் உரையாடலும் அதிலே. ஆயினும் புதிய விசைப்பலகை ஒன்றை வாங்கப் புகுவோர் அதன் நிறத்தையும் விலையையும் பார்ப்பதன்றி, அது தம் கைக்கு ஏற்றதா, தம் மொழிக்கு ஏற்றதா என்று ஆராய்வது அரிது. ஒரு பொருளின் வரலாற்றை அறிந்தவனுக்கு அதனைத் தெரிந்தெடுப்பது எளிது. ஆதலின் அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

மில்வாக்கியிற் பிறந்த பலகை

அமெரிக்காவின் மில்வாக்கி நகரிற் பத்திரிகைத் தொழில் செய்தவர் கிறிஸ்தோபர் லதம் ஷோல்ஸ். அவர் கிளிடன், சூல் என்னும் இருவருடன் சேர்ந்து 1868இல் தட்டெழுத்துப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். துப்பாக்கியும் தையற்பொறியும் செய்து வந்த றெமிங்டன் நிறுவனம் 1873இல் அதனை ஏற்று, அடுத்த ஆண்டே விற்பனைக்கு விட்டது. அப்பொறி ஆங்கிலப் பெரிய எழுத்துக்களை மட்டுமே பொறித்தது. 1878இல் வந்த இரண்டாம் பொறியிலேதான் ஒரே விசையால் சிறிய எழுத்தையும் பெரிய எழுத்தையும் பெறும் வசதி உண்டாயிற்று.

அப்பலகையின் எழுத்து வரிசை பற்றி ஒரு கதை எங்கும் வழங்குகின்றது. விரைவாகத் தட்டினால் எழுத்துக் கோல்கள் ஒன்றோடொன்று சிக்குமென்று அஞ்சி, தட்டுவோரின் வேகத்தைக் குறைப்பதற்காகவே எழுத்துக்களைக் கலைத்து வைத்தனர் என்பது அக்கதை. இதனை எல்லா ஆராய்ச்சியாளரும் ஒப்புக்கொள்வதில்லை. கியோத்தோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யசுவோக்கா என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், தந்திச் செய்திகளைக் கேட்டு எழுதியோரின் தேவைகளே அவ்வரிசையை உருவாக்கின என்று 2011இல் எழுதினர். எவ்வாறாயினும் முதலில் அகரவரிசையே இருந்தது என்பதற்கு அடையாளம் இன்றும் உண்டு. ஆங்கிலப் பலகையின் நடுவரிசையைப் பாருங்கள். டி, எஃப், ஜி, எச், ஜே, கே, எல் என்று, இடையில் வரும் ஈ, ஐ என்னும் இரு உயிர்கள் மட்டும் நீங்க, எஞ்சியவை முறையாகவே நிற்கின்றன.

மற்றோர் அடையாளமும் உண்டு. விசைகள் மேலுங் கீழும் நேர் நேராக நில்லாமல் சற்றே விலகி நிற்பதேன்? பழைய பொறியில் ஒவ்வொரு விசைக்கும் பின்னே ஓர் இரும்பு நெம்புகோல் உண்டு. அக்கோல்கள் ஒன்றையொன்று முட்டாமல் இடைவெளிகளினூடே செல்லவேண்டி விசைகளைத் தள்ளித் தள்ளி வைத்தனர். இன்று கோலும் இல்லை, இரும்பும் இல்லை. விலகல் மட்டும் இருக்கின்றது. இரும்பின் வசதிக்காகச் செய்ததை எமது விரல்கள் இன்னும் சுமக்கின்றன.

பார்க்காமல் தட்டிய வீரர்

1888ஆம் ஆண்டு யூலை 25ஆம் நாள் சின்சினாட்டி நகரில் ஒரு போட்டி நடந்தது. ஒருபுறம் மக்கரின் என்பார்; அவர் விசைகளின் இடத்தை மனத்திற் பதித்து, பலகையைப் பாராது எல்லா விரல்களாலும் தட்டுபவர். மறுபுறம் ட்ரோப் என்பார். அவர் விசைகளைக் கண்ணாற் பார்த்துத் தட்டுபவர். மக்கரினே வென்றார். அன்று முதல் பார்க்காமல் தட்டும் முறை உலகெங்கும் பரவிற்று. நல்ல பலகை கிடைத்தாலும் நல்ல பழக்கம் இல்லையேற் பயன் சிறிது என்பது இதனாற் பெறப்படும்.

சுண்டிக்குளி தந்த முத்தையா

இனித் தமிழுக்கு வருவோம். ஆங்கிலத்துக்கு 26 எழுத்துக்கள். தமிழுக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. பொறியிலோ நாற்பத்துச் சொச்சம் விசைகளே உண்டு. ஒன்றுக்கு இரண்டாக எண்ணினாலும் தொண்ணூறு அளவிலேயே நிற்கும். இக்கடலை அச்செம்பினுள் அடக்குவது எங்ஙனம்?

இதற்கு வழி கண்டவர் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886ஆம் ஆண்டு பிறந்த ஆர். முத்தையா என்பதை எமது இளைஞர் ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும். அக்காலத்தில் யாழ்ப்பாணத்து வாலிபர் பலர் ஆங்கிலம் கற்று, மலாய் நாடு சென்று, இலிகிதராகவும் புகையிரதப் பகுதி உத்தியோகத்தராகவும் கடமையாற்றினர். முத்தையாவும் 1907இல் கப்பலேறினார். சிங்கப்பூரில் ஒரு வணிக நிறுவனத்தில் அமர்ந்தார். அத்தகைய கந்தோர்களில் ஆங்கிலக் கடிதம் சில நிமிடத்திற் பொறியிலிருந்து வெளிவரும்; தமிழ்க் கடிதத்தையோ கையால் எழுதவேண்டும். உழைத்துப் பணம் சேர்த்து ஊருக்கு அனுப்பினாற் போதுமென்று அன்னார் இருந்துவிடவில்லை. தமிழுக்கும் பொறி வேண்டுமென்று முயன்றார்.

முத்தையா கண்ட வழியிற் போற்றத்தக்கன இரண்டு. முதலாவது, எழுத்தை உறுப்புக்களாகப் பிரித்தமை. கொம்பும் காலும் தனித்தனி விசைகளாயின. புள்ளிக்கும் விசிறிக்கும் நகரா விசை அமைந்தது. சாதாரண விசையைத் தட்டினால் எழுத்துப் பதிந்து, தாள் தாங்கிய உருளை ஓர் இடம் நகரும். நகரா விசையைத் தட்டினாற் குறி மட்டும் பதியும், உருளை அசையாது. அடுத்துத் தட்டும் எழுத்து அக்குறியின் கீழேயே வந்து விழும். ஆகவே ‘க்’ என்று எழுத முதலிற் புள்ளியையும் பின்னர் ககரத்தையும் தட்டுதல் வேண்டும். ஏட்டிலே இடமின்றிப் போன புள்ளி, பொறியிலே எழுத்துக்கு முன்னே வந்து நின்றது!

இரண்டாவது, அடிக்கடி வரும் எழுத்துக்களை வலிய விரல்களுக்கு அண்மையில் அமைத்தமை. அவர் வழிவந்த பலகையில் இடக்கை விரல்கள் தங்கும் இடம் ய, ள, ன, க; வலக்கை விரல்கள் தங்கும் இடம் த, ம, ட, புள்ளி; இரண்டுக்கும் நடுவே பகரமும் காலும். சுட்டுவிரல்களின் கீழ்க் ககரமும் தகரமும் வந்தமை காண்க. தட்டெழுத்து வகுப்புக்குச் சென்ற முதியோர் ‘யளனக’ என்று விரல் பழகிய நாட்களை மறந்திருக்கமாட்டார். ஆங்கிலப் பலகையின் நடுவரிசை அகரவரிசையின் எச்சம். தமிழ்ப் பலகையின் நடுவரிசையோ மொழியை எண்ணிப் பார்த்துச் செய்த தெரிவு.

ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்த சைடல் அன்ட் நௌமான் நிறுவனம் அவருக்காகத் தமிழ்ப் பொறிகளைச் செய்து கொடுத்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், சிங்கப்பூரில் இருந்து எண்ணினார். ஜேர்மனியில் இரும்பு உருவாயிற்று. தமிழ் வழங்கும் நாடெல்லாம் பயன் பெற்றது. அன்னாரைத் தமிழ்த் தட்டெழுத்தின் தந்தை என்று உலகம் போற்றுவது தக்கதே. பின்வந்த பலகைகளும் அவர் அமைத்த வழியைப் பின்பற்றின. இலங்கையில் வழங்கும் ரெங்கநாதன் விசைப்பலகையும் தட்டெழுத்துப் பொறியின் வரிசையைத் தழுவியதே. பாமினி எழுத்துருவில் தட்டிப் பழகியோரும் தாம் அறியாமலே அதே நடுவரிசையில் விரல் வைத்தவராவர்.

உயிர் ஒருபுறம், மெய் ஒருபுறம்

அமெரிக்காவில் ஓகஸ்ட் டுவோராக் என்னும் கல்விப் பேராசிரியர் ஆங்கிலப் பலகையைத் திருத்த முயன்று 1936இல் காப்புரிமை பெற்றார். உயிரெழுத்துக்களை இடக்கையிலும், மிகுந்து வரும் மெய்களை வலக்கையிலும் நடுவரிசையிலே வைத்தார். தட்டும் எழுத்துக்களில் நூற்றுக்கு 70 அளவு அவர் பலகையின் நடுவரிசையிலேயே அமையும். பழைய பலகையில் நூற்றுக்கு 32 அளவே அமையும். ஆயினும் உலகம் பழையதை விடவில்லை. புதியது உண்மையிலே எவ்வளவு சிறந்தது என்பது பற்றிப் பொருளியலார் 1985இலும் 1990இலும் எதிரெதிராக எழுதினர். ஊன்றிய பழக்கத்தை மாற்றுவது எளிதன்று என்பதில் மட்டும் ஐயமில்லை.

டுவோராக் எண்ணியதற்கு ஒத்த அமைப்பு தமிழில் 1999இல் நிறைவேறிற்று. அவ்வாண்டு சென்னையில் நடந்த தமிழ்க் கணினி மாநாட்டின் பயனாகத் ‘தமிழ்99’ என்னும் பலகை வந்தது. இதில் உயிர்கள் இடப்புறம், மெய்கள் பெரும்பாலும் வலப்புறம். இரட்டித்து வரும் மெய்க்கும், இனவெழுத்தோடு சேர்ந்து வரும் மெல்லினத்துக்கும் கணினியே புள்ளியிட்டுக் கொள்ளும். ‘தம்பி’ என்று எழுதப் பழைய பொறியில் ஐந்து தட்டல். ஆங்கில ஒலி வழியில் ஆறு. தமிழ்99இல் த, ம, ப, இ என நான்கே.

ஈண்டு ஒன்றை வெளிப்படையாகக் கூறல் எமது கடன். எமது பிள்ளைகளிற் பலர் தமிழை ஆங்கில எழுத்தால் ஒலித்தே தட்டுகின்றனர். அவசரத்துக்கு அது உதவலாம். ஆனால் ‘தம்பி’ என்று எழுத எண்ணுந்தோறும் மனம் ஆங்கில நெடுங்கணக்கைச் சுற்றி வருமாயின், நாளடைவில் லகர, ளகர, ழகர வேறுபாடும் நகர, னகர, ணகர வேறுபாடும் விரலிலிருந்து மறையும். விரலில் மறைந்தது கருத்திலும் மறையும். முத்தையா அரிதின் முயன்று தந்த இடத்தை நாமே வெறுமையாக்குதல் ஆகாது.

நொந்த கைகள்

எழுத்தைப் போலவே கையையும் எண்ணினோர் உளர். நேரான பலகையில் இரு கைகளையும் வைத்தால் மணிக்கட்டு வெளிப்புறமாக வளைகின்றது. இதனைத் தவிர்க்க 1915இலேயே ஹைட்னர் என்பார் பலகையை இரண்டாகப் பிரிக்கும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1972இல் குறோமர் என்னும் ஆராய்ச்சியாளர் பிரித்துச் சாய்த்த பலகை பற்றி எழுதினார். 1980களில் அவுஸ்திரேலியாவில் விசைப்பலகை வேலையாளர் பலர் கைநோவு பற்றி முறையிட்டபோது உலகம் விழித்தது. 1994இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் பிரிந்து வளைந்த பலகை ஒன்றை விற்பனைக்கு விட, அதுகாறும் சிலரே அறிந்திருந்த அமைப்புப் பலர் மேசைக்கு வந்தது.

வாங்குமுன் எண்ண வேண்டியவை

இவ்வரலாற்றினின்று நாம் பெறும் தெளிவு ஒன்றே. பழைய பொறியில் எழுத்து வரிசையும் பலகையின் உருவும் ஒரே இரும்பிற் பிணைந்திருந்தன. கணினியில் அவை பிரிந்துவிட்டன. எந்தப் பலகையிலும் ரெங்கநாதன் வரிசையையோ தமிழ்99 வரிசையையோ மென்பொருளால் அமைக்கலாம். ஆகவே பலகையைக் கைக்காகத் தெரிவு செய்க. வரிசையை மொழிக்காகத் தெரிவு செய்க. விசையிலே தமிழ் பொறித்த பலகை கிடைக்கவில்லையே என்று கலங்க வேண்டாம். பாராமல் தட்டப் பழகியவனுக்குப் பொறிப்பு எதற்கு?

கைக்காகத் தெரிவு செய்வது எங்ஙனம்? கதிரையில் அமர்ந்து தோளைத் தளரவிட்டு முழங்கையை மடித்தால், விரல் விழும் உயரத்திற் பலகை இருத்தல் வேண்டும்; மணிக்கட்டு மேலுங் கீழும் வளையலாகாது. பலகையின் பின்புறத்துச் சிறுகால்களை விரித்து வைப்பது பலர் வழக்கம். அது மணிக்கட்டை மேல்நோக்கி மடிக்கும். மடக்கி வைப்பதே பெரும்பாலார்க்கு நன்று. கணக்கு வேலை செய்யாதோர் வலப்புறத்து எண்பகுதி இல்லாத சிறிய பலகையைக் கொள்ளலாம். சுட்டியைத் தேடிக் கை தொலைவு செல்லாது. அகன்ற தோளுடையோரும் மணிக்கட்டு நோவோரும் பிரிந்த பலகையைப் பரீட்சித்துப் பார்த்தல் நலம். விசை மென்மையாய் அமுங்கி, அமுங்கியதை விரலுக்கு உணர்த்துவதாய் இருத்தல் வேண்டும். பொறிமுறை விசைகள் நெடுநாள் உழைப்பன. ஆனால் அவற்றுட் சில ஒலி மிகுந்தவை. பலர் கூடியிருக்கும் அறைக்கு அவை ஆகா. கடையில் ஒரு வரி தட்டிப் பார்த்து முடிவு செய்யற்க. நண்பரிடம் இருப்பின் ஒரு மாலைப்பொழுது முழுதும் தட்டிப் பார்த்தே வாங்குக. விலை மிகுந்தது கைக்கு நல்லது என்னும் நியதி இல்லை.

எப்பலகையும் ஓய்வுக்கு ஈடாகாது. இடையிடையே எழுந்து கையை நீட்டி மடக்குதல் வேண்டும். விரல் மரத்துப் போவதும் நோவு நீடிப்பதும் உண்டாயின் வைத்தியரையே நாடுதல் வேண்டும். புதிய பலகையை அன்று.

இறுதியாக முதியோருக்கும் இளைஞருக்கும் ஒரு விண்ணப்பம். ‘யளனக’ பழகிய முதியோர் ஊர்தோறும் இன்னும் இருக்கின்றனர். கணினி பழகிய இளைஞரும் வீடுதோறும் இருக்கின்றனர். சங்க மண்டபத்தில் வாரத்தில் ஒருநாள் மாலை இருசாராரும் ஒரு மேசையில் அமர்வராயின், ஒருவர் விரலறிவைக் கொடுப்பர். மற்றவர் பொறியறிவைக் கொடுப்பர். செலவு சிறிது, பயன் பெரிது. சுண்டிக்குளியிற் பிறந்து கடல்கடந்த நாட்டில் இருந்துகொண்டே தாய்மொழிக்குப் பொறி கண்ட பெரியாருக்கு நாம் எடுக்கத்தக்க நினைவுவிழா, எமது பத்து விரலும் தமிழை நோவின்றி எழுதுவதேயாம்.