மெத்தனால்: தண்ணீர்போல் தெரியும் நஞ்சு

பால்மரம் வெட்டி வாழ்ந்த குடும்பங்களுக்கு ஃபார்மிக் அமிலம் புதிதல்ல. ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றும் ஆசிட் அது. மெத்தனாலைக் குடித்தால், மனித உடலுக்குள்ளும் அந்த அமிலமே உருவாகிறது. அது கண் நரம்பைத் தாக்கிப் பார்வையைப் பறிக்கிறது.

திகாம் பத்து, சுங்கை பட்டாணி வட்டாரத்தில் தோட்டத்தை விட்டு வந்த பலர் இன்று தொழிற்சாலைகளிலும் பட்டறைகளிலும் வேலை செய்கின்றனர். ஆகவே இந்தத் திரவத்தை அறிந்து வைத்திருப்பது நல்லது.

தன்மை: நிறமற்றது, தண்ணீரில் முழுமையாகக் கலக்கும். மணத்திலும் சுவையிலும் சாதாரண மதுவிலிருந்து பிரித்தறிவது கடினம். 64.7 பாகை செல்சியசில் கொதிக்கும். 11 பாகையிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை வெளியிடும். நம் ஊர் வெயிலில் மூடி திறந்திருந்தாலே ஆபத்து. அதன் வெளிர்நீலச் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கு எளிதில் தெரியாது.

பயன்: ஆய்வுக்கூடங்களில் கரைப்பானாகப் பயன்படுகிறது. ஒட்டுப்பலகைக்கான பசை, பெயிண்ட், பயோடீசல் ஆகியவற்றின் தயாரிப்பிலும் உதவுகிறது. முன்பு மரத்திலிருந்து வடித்தார்கள். இன்று லாபுவானில் பெட்ரோனாஸ் நிறுவனம் இயற்கை எரிவாயுவிலிருந்து தயாரிக்கிறது.

கையாளும் முறை: காற்றோட்டமான இடத்தில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து பயன்படுத்த வேண்டும். தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும். அடுப்பு, சிகரெட், மின்பொறி அருகில் கூடாது. எரியும் சுடரின் மேல் புட்டியிலிருந்து ஊற்றவே கூடாது. தீ புட்டிக்குள் பாயும். குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வைப்பது பெருந்தவறு. தீப்பிடித்தால் உலர்தூள் அல்லது கரியமில வாயு அணைப்பான் தேவை.

கள்ளச் சாராயம்: சம்சு குடித்துக் கண்ணையும் உயிரையும் இழந்தவர்களின் கதை தோட்டங்களில் பழையது. ஆனால் ஆபத்து பழையதாகிவிடவில்லை. 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் பகுதிகளில் மெத்தனால் கலந்த மது குடித்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024 ஜூனில் தமிழகத்தின் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 10 மில்லிலிட்டர் கூடப் பார்வையைப் பறிக்கலாம். 30 மில்லிலிட்டர் உயிரைக் குடிக்கலாம்.

குடித்தவுடன் சாதாரண போதைபோலவே இருக்கும். 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் தலைவலி, வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு, கண்முன் வெண்பனி படர்ந்ததுபோன்ற மங்கல் தொடங்கும். 'தூங்கினால் தெளிந்துவிடும்' என்று விட்டுவிடாதீர்கள். வாந்தி எடுக்க வைக்கவோ, மேலும் மது கொடுக்கவோ வேண்டாம். உடனே 999 எண்ணை அழையுங்கள், அல்லது மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் உண்டு. நேரத்தோடு போனால் உயிரும் பார்வையும் தப்பும். என்ன குடித்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். போத்தலில் மிச்சம் இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். வெட்கப்பட்டு வீட்டில் வைத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்தைக் கூட்டும்.