ரப்பர்த் தீர்வையும் தோட்டப் பள்ளியும்: பாரோய் வட்டாரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

அறிவியலாய்வுக்கு அரசு எவ்வாறு பொருள் வழங்குகின்றது என்னும் வினா எழும்போது, உயர்கல்வி அமைச்சின் ஆய்வு மானியங்களே நம் நினைவுக்கு வருகின்றன. இந்நாட்டில் அதற்கு மிக முற்பட்ட முறையொன்று பால்மரக் காடுகளை நம்பி உருவானது. சிரம்பானை அடுத்த பாரோயை இன்று விளையாட்டரங்காலும் வீடமைப்புப் பகுதிகளாலும் அறிகிறோம். முன்பு அவ்வட்டாரம் ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்தது. அங்கு நிரை பிடித்துப் பால் வெட்டிய தமிழர்க்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு.

1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தோற்றம் பெற்றது. ஏற்றுமதியாகும் ரப்பரின் எடைக்கேற்பச் செஸ் எனப்படும் தீர்வை விதிக்கப்பட்டு, அத்தொகை கழகத்தைச் சென்றடைந்தது. ஆண்டுதோறும் அரசின் பொது வருவாயை எதிர்நோக்க வேண்டிய நிலை இதனால் குறைந்தது. மரவகை ஆய்வுக்கு இத்தகைய நிலையான வருவாய் இன்றியமையாதது. சுங்கை பூலோ ஆய்வு நிலையத்தின் புகழ்பெற்ற ஆர்.ஆர்.ஐ.எம். 600 வகை, ஜாவாவின் ஜிர் 1, மலாயாவின் பி.பி. 86 ஆகியவற்றின் கலப்பில் பிறந்தது. கலப்புச் செய்தபின் மரம் வளர்ந்து, பாலின் அளவு பல்லாண்டு கணிக்கப்பட்ட பின்னரே தோட்டங்களுக்குப் பரிந்துரைக்க இயலும். (பி.பி. என்பது பிராங் பெசார் தோட்டத்தைக் குறிக்கும். அத்தோட்ட நிலத்தில்தான் இன்றைய புத்ராஜெயா எழுந்துள்ளது.)

தூய அடிப்படை ஆய்வோ கடல் கடந்து நடைபெற்றது. 1938இல் இங்கிலாந்தில் பிரித்தானிய ரப்பர் உற்பத்தியாளர் ஆய்வுச் சங்கம் நிறுவப்பட்டது. மலாயா முதலிய நாடுகளின் ரப்பர்த் தீர்வையே அதனையும் தாங்கியது. ரப்பரின் மீள்தன்மை குறித்த டிரெலோரின் ஆய்வுகளும், பெருமளவு உருமாறும் பொருள்களைப் பற்றி ரிவ்லின் வகுத்த கணிதக் கோட்பாடும் அங்கு வளர்ந்தன. பொறியியல் மாணவர் இன்றும் பயிலும் அக்கோட்பாட்டின் பின்னணியில் விடியற்காலையில் மங்கு துடைத்த கைகளும் இருந்தன என்பதைப் பாடநூல்கள் கூறுவதில்லை.

தீர்வையைச் செலுத்தியவர் ஏற்றுமதியாளரே அன்றோ எனச் சிலர் வினவலாம். சட்டப்படி அது சரியே. ஆயினும் அது உற்பத்திச் செலவின் ஒரு கூறாயிற்று. அச்செலவைக் குறைக்க முற்பட்டபோதெல்லாம் நிருவாகங்கள் முதலில் கைவைத்தது கூலியில்தான். 1930களின் தொடக்கத்தில் ஏற்பட்ட விலை வீழ்ச்சியின்போது கூலி குறைக்கப்பட்டதும், பெருந்தொகையினர் தமிழகத்திற்குத் திருப்பியனுப்பப்பட்டதும் இதற்குச் சான்றாகும்.

இத்தொழிலாளரின் பிள்ளைகளது கல்விக்கு இத்தகைய தீர்வை ஏதும் அமையவில்லை. நெகிரி செம்பிலான் உள்ளிட்ட கூட்டரசு மலாய் மாநிலங்களில், 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பணித்தது. அரசின் மானியமோ மாணவர் வருகையையும் தேர்ச்சியையும் பொறுத்துக் கிடைத்த சிறு தொகையாகும். பால்வெட்டுக்குப் பெற்றோருடன் செல்லும் பிள்ளை பள்ளிக்கு வராத நாளில் மானியமும் குறையும். வறுமை மிகுந்த தோட்டத்தின் பள்ளிக்கே உதவி குறைவாகக் கிட்டும்படி அமைந்த இம்முறையை நாம் நியாயமானதாகக் கருத இயலாது. தமிழில் இடைநிலைக் கல்வியும் இல்லாமையால், ஆய்வுக்கூடத்திற்குப் பாலும் தீர்வையும் சென்ற வழியில் அப்பிள்ளைகள் செல்வது அரிதாயிற்று.

விடுதலைக்குப் பின் தமிழ்ப்பள்ளிகள் தேசியக் கல்வி முறைக்குள் வந்தன. ஆசிரியர் ஊதியத்தை அரசு ஏற்றது. எனினும் தனியார் நிலத்தில் இருந்த பள்ளிகள் பகுதி உதவி பெறுவனவாகவே நீடித்தன. ஆராய்ச்சிக் கழகம் 1998இல் பிற ரப்பர் அமைப்புகளுடன் இணைந்து மலேசிய ரப்பர் வாரியமாயிற்று. அதற்கு முன்னும் பின்னும் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்புக்கு மாறின. ஆய்வுக்குச் சட்டம் நிலையான வருவாயைத் தந்திருந்தது. தோட்டப் பள்ளிக்கோ, அது நின்ற நிலம் விற்கப்படும்போது மாற்றிடம் எங்கே என்பதே முதற்கேள்வியாயிற்று.